அளவெடுத்துச் செய்யும் ஷூ பட்டறையில் சொன்ன தேதியில் கொடுக்க முடியாமல் போவது ஏன்?

உங்கள் நிலைமையைக் கேள்வியிலேயே தெளிவாகச் சொல்லியிருக்கிறீர்கள். அளவெடுத்து ஷூ செய்யும் பட்டறையில் உங்களையும் சேர்த்து 5 பேர் வேலை செய்கிறீர்கள். வாரத்துக்கு 6 ஜோடி முடிகிறது. வாடிக்கையாளரிடம் 4 வாரம் என்று சொன்னாலும் 7 வாரத்துக்குக் குறைந்து எதுவும் கைக்கு வருவதில்லை. வெட்டியது, தைத்தது, லாஸ்டில் (ஷூவுக்கு வடிவம் கொடுக்கும் பாத வடிவ அச்சுக்கட்டையில்) ஏற்றியது என்று பாதியில் நிற்பவை மட்டும் 42 ஜோடி. இன்னொரு கைவினைஞரை வேலைக்கு எடுப்பதா, உற்பத்தியைத் திட்டமிடும் மென்பொருள் வாங்குவதா என்று கேட்கிறீர்கள். இரண்டையும் இப்போதைக்குத் தள்ளிவையுங்கள் என்பதே என் பதில். அதற்கான காரணம் நீங்கள் கொடுத்த எண்களிலேயே இருக்கிறது.

ஓர் இடத்தில் சராசரியாக எத்தனை வேலைகள் நிற்கின்றன என்பதை, அங்கிருந்து வாரத்துக்கு எத்தனை வெளியேறுகின்றன என்பதால் வகுத்தால், ஒரு வேலை அந்த இடத்தில் கழிக்கும் சராசரிக் காலம் கிடைத்துவிடும். ஜான் லிட்டில் என்பவர் 1961இல் கணித முறைப்படி நிரூபித்த இந்த உறவு, வங்கி வரிசைக்கும் தொழிற்சாலைக்கும் எப்படிப் பொருந்துகிறதோ அப்படியே ஷூ பட்டறைக்கும் பொருந்துகிறது. உங்கள் கணக்கில் 42ஐ 6ஆல் வகுத்தால் 7 வாரம். யாரும் சோம்பேறித்தனம் செய்யவில்லை, யாருடைய கையும் மெதுவாக ஓடவில்லை. 42 ஜோடி உள்ளே நிற்கும்வரை 7 வாரத்துக்குக் குறைவாக எந்த ஜோடியும் சராசரியாக வெளியே வர முடியாது, அவ்வளவுதான். நீங்கள் சொல்லும் 4 வாரம் உண்மையாக வேண்டுமென்றால் உள்ளே நிற்பது 24 ஜோடியைத் தாண்டக் கூடாது. ஆகவே ஒரு ஷூ எப்போது முடியும் என்பதைத் தீர்மானிக்கும் நாள், அதன் தோலை வெட்டத் தொடங்கும் நாளே.

வெட்டாமல் நிறுத்திவைத்தால் வாடிக்கையாளர் வெளியேதானே காத்திருப்பார், மொத்தக் காலம் எப்படிக் குறையும் என்ற எதிர்க்கேள்வி இங்கே நியாயமாக எழும். காத்திருப்பின் ஒரு பகுதி வெளியே இடம்பெயரும் என்பது உண்மையே. ஆனால் தாளில் காத்திருக்கும் ஆர்டருக்கும் பாதி தைத்துக் காத்திருக்கும் ஆர்டருக்கும் பெரிய வேறுபாடு உண்டு. தாளில் இருக்கும் ஆர்டர் ஒரு தோலையும் பிடித்துவைப்பதில்லை, ஒரு லாஸ்டையும் அடைத்துக்கொள்வதில்லை, தூசி படிவதில்லை, அதன் இடது பக்கத் துண்டு காணாமல் போவதில்லை. வாடிக்கையாளர் நிறத்தை மாற்றச் சொன்னாலும் ஒரு கோடு அடித்து எழுதினால் போதும். உள்ளே குவிந்து கிடக்கும் வேலையோ ஒவ்வொரு நாளும் நேரத்தைத் தின்கிறது. தேடுவது, ஒதுக்கிவைப்பது, எது முதலில் என்று விவாதிப்பது, அவசரம் என்று ஒன்றை நடுவில் புகுத்துவது, நின்றுபோன வேலையைக் கையில் எடுத்து எங்கே விட்டோம் என்று நினைவுபடுத்திக்கொள்வது ஆகிய எதுவும் ஷூ செய்வதில் சேராது. குவியல் குறைந்தால் இந்த நேரம் வேலைக்குத் திரும்புகிறது. அப்படியும் வெளியே நிற்கும் வரிசை மாதந்தோறும் நீண்டுகொண்டே போனால், அப்போதுதான் ஆள் போதவில்லை என்று பொருள்.

அடுத்து, எந்த வேலையின் வேகத்துக்கு ஏற்ப உள்ளே அனுமதிப்பது என்று பார்க்க வேண்டும். அதைக் கண்டுபிடிக்க நாள் முழுவதும் கடிகாரத்தோடு நிற்க வேண்டியதில்லை; யாருடைய மேசைக்கு முன்னால் குவியல் உயர்ந்திருக்கிறதோ அவர்தான் பட்டறையின் வேகத்தை நிர்ணயிக்கிறார். பெரும்பாலான பட்டறைகளில் அது லாஸ்டிங் செய்பவராகவோ, அதாவது தைத்த மேல்பகுதியை லாஸ்டின்மேல் இழுத்துப் பொருத்துபவராகவோ, சோல் கட்டுபவராகவோ இருக்கும். இத்தொழிலின் வரலாற்றிலும் இப்படித்தான் நடந்தது. அப்பர் (ஷூவின் மேல்பகுதி) தைக்கவும் சோல் தைக்கவும் எந்திரங்கள் வந்து பல ஆண்டுகள் கழிந்த பிறகும், அப்பரை லாஸ்டின்மேல் இழுத்து ஆணியடிக்கும் வேலை கையாலேயே நடந்தது; நாளொன்றுக்கு 50 ஜோடி அளவில் செய்யக்கூடிய அந்தக் கைகளே மொத்தத் தொழிற்சாலையின் உற்பத்தியையும் தீர்மானித்தன. அமெரிக்காவின் லின் நகரில் ஜான் மாட்செலிகர் 1883இல் லாஸ்டிங் எந்திரத்துக்குக் காப்புரிமை பெற்ற பிறகுதான் அந்த அடைப்பு நீங்கியது. அதற்கு முன் தையல் எந்திரங்களை எத்தனை வாங்கிப் போட்டிருந்தாலும், லாஸ்டிங்குக்கு முன்னால் நிற்கும் அப்பர்கள்தான் கூடியிருக்கும்.

ஆனால் சிறிய பட்டறைகளில் இன்னொரு அடைப்பு மறைவாக இருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்: அது உரிமையாளரே. அளவெடுப்பவரும் அவர், லாஸ்டைத் திருத்துபவரும் அவர், பேட்டர்ன் (தோலை வெட்ட உதவும் மாதிரி அட்டை) வெட்டுபவரும் அவர், தோல் தேர்ந்தெடுப்பவரும், தொலைபேசியில் பதில் சொல்பவரும் அவரே. அவருக்கு முன்னால் இருக்கும் குவியல் கண்ணுக்குத் தெரிவதில்லை, ஏனென்றால் அது ஷூவாக இல்லாமல் குறிப்பேட்டில் வரிகளாக இருக்கிறது. உங்கள் பட்டறையிலும் அப்படி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால், ஒரு நாளில் குறிப்பிட்ட 3 மணி நேரத்தை லாஸ்டுக்கும் பேட்டர்னுக்கும் மட்டும் ஒதுக்கி, அந்த நேரத்தில் வாடிக்கையாளரையோ தொலைபேசியையோ நெருங்கவிடாதீர்கள். புதிதாக ஓர் ஆளை எடுத்தால் கிடைப்பதைவிட இதில் கிடைக்கும் பயன் பெரிதாக இருக்கலாம்.

அடைப்பு லாஸ்டிங்கில்தான் என்றால், அந்தக் கைவினைஞர் அவரால் மட்டுமே முடிந்த வேலையைத் தவிர வேறொன்றையும் செய்யக் கூடாது. லாஸ்ட் தேடுவது, இன்சோல் (பாதத்துக்கு அடியில் வரும் உள் அடித்தோல்) வெட்டுவது, கவுண்டரை (குதிகாலின் பின்புறத்தை விறைப்பாக வைக்கும் துண்டு) ஓரம் சீவுவது, நூலுக்கு மெழுகு தேய்ப்பது, பிசிறு கத்தரிப்பது ஆகியவற்றை மற்றவர்கள் முடித்து, அவர் உட்காரும்போது எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்படி வைக்க வேண்டும். அப்பர் தைப்பவர் ஒரு வாரம் முன்னேறிவிட்டால், மேலும் அப்பர்களைத் தைத்துக் குவிக்காமல் ஹீல் அடுக்கவோ ஓரம் மெருகிடவோ வர வேண்டும். இங்கே ஒரு சிக்கல் உண்டு. துண்டுக்கு இவ்வளவு என்று கூலி கொடுக்கும் பட்டறையில் அவர் ஏன் வருவார்? தைத்தால் காசு, நின்றால் இல்லை என்று வைத்துவிட்டுக் குவியல் சேர்கிறதே என்று அவரைக் குறைசொல்வது அநியாயம். மாதச் சம்பளமோ, முடிந்து வெளியேறும் ஜோடிகளின் எண்ணிக்கையை வைத்து எல்லோருக்கும் பொதுவாகக் கணக்கிடும் ஊக்கத்தொகையோ இருந்தால்தான் கைகள் தேவையான இடத்துக்கு நகரும். இதை மாற்றாமல் மற்ற எதை மாற்றினாலும் நிலைக்காது என்பது என் உறுதியான கருத்து.

இனி, எந்த ஆர்டரை உள்ளே விடலாம் என்பது. நான் வைத்திருக்கும் விதி ஒன்றுதான்: முழுமையாகத் தயாராகாத எதையும் வெட்டக் கூடாது. தயார் என்றால் இரண்டு பாதங்களின் அளவும் தனித்தனியாக எழுதப்பட்டிருக்க வேண்டும். லாஸ்ட் திருத்தி முடித்திருக்க வேண்டும். பேட்டர்ன் அந்த லாஸ்டின்மேல் சரிபார்க்கப்பட்டிருக்க வேண்டும். மேல்தோல், லைனிங், இன்சோல், ஷாங்க் (பாதத்தின் வளைவைத் தாங்கும் பட்டை), சோல், ஹீல், நூல், ஐலெட் (கயிறு கோக்கும் துளை வளையம்) எல்லாம் பட்டறையில் இருக்க வேண்டும். வடிவம், நிறம், ஹீல் உயரம், சோல் வகை ஆகியவற்றுக்கு வாடிக்கையாளரின் இறுதி ஒப்புதல் எழுத்தில் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் அந்த ஆர்டர் தாளாகவே நிற்கட்டும். இந்த விதியை நான் கற்றது ஒரு தவறில்தான். ஹீல் உயரம் இன்னும் முடிவாகவில்லை, அது கடைசியில் பார்க்க வேண்டியதுதானே என்று எண்ணி ஒரு ஜோடியை வெட்டித் தைத்துவிட்டோம். வாடிக்கையாளர் பிறகு உயரமான ஹீல் வேண்டும் என்றார். ஹீல் உயரம் கடைசியில் ஒட்டும் பொருள்போலத் தோன்றினாலும், அது லாஸ்டின் குதிகால் ஏற்றத்திலேயே முடிவாகிவிடுகிறது. ஏற்றம் மாறினால் லாஸ்ட் மாறும், லாஸ்ட் மாறினால் பேட்டர்ன் மாறும். அந்த அப்பர் முழுவதும் வீணாயிற்று. அதைவிடப் பெரிய இழப்பு, அதன் இடத்தில் முடிந்திருக்க வேண்டிய வேறொருவரின் ஜோடி தாமதமானது.

அளவுகளை ஷூ எண்ணாக எழுதாமல் மில்லிமீட்டரில் எழுதுங்கள். ஆங்கில அளவில் ஓர் எண்ணுக்கு 8.47 மி.மீ., பிரெஞ்சு அளவில் 6.67 மி.மீ. என்பதால், அட்டையில் வெறும் எண் இருந்தால் யாரோ ஒருவர் ஒருநாள் தவறாகப் படிப்பார். பாதங்கள் மாலையில் சற்று வீங்கியிருக்கும்; காலையில் அளந்தவரையும் மாலையில் அளந்தவரையும் ஒரே மாதிரி நம்ப முடியாது, ஆகவே அளந்த நேரத்தையும் குறித்துவைப்பது நல்லது. ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு வேலை அட்டை இருக்க வேண்டும். அது அலுவலக மேசையில் தங்காமல் துண்டுகளோடு சேர்ந்து ஒரே தட்டில் பயணிக்க வேண்டும். அதே எண்ணை லைனிங்கின் உட்புறத்திலும் இன்சோலிலும் லாஸ்டிலும் எழுதிவிட்டால், தட்டு கவிழ்ந்தாலும் ஜோடி கலையாது.

லாஸ்டுகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் திட்டமிடுபவர்கள் பெரும்பாலும் மறப்பது இதைத்தான். ஆளும் எந்திரமும் போல லாஸ்டும் ஒரு கொள்ளளவு. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனி லாஸ்ட் செதுக்குபவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. ஆனால் பொது லாஸ்டின்மேல் தோல் துண்டுகள் ஒட்டி அளவைத் திருத்தும் பட்டறையில், ஒரே வடிவம் ஒரே நீளம் வேண்டிய 3 ஆர்டர்கள் வந்து, உங்களிடம் அந்த லாஸ்ட் 1 ஜோடி மட்டுமே இருந்தால், அந்த மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நடக்க முடியும். முதல் ஜோடி லாஸ்டைவிட்டு இறங்கும்வரை இரண்டாவது ஏற முடியாது. இடையில் திருத்தத்தைப் பிரித்துப் புதிதாக ஒட்டவும் வேண்டும். ஆகவே ஆர்டர் வரும்போதே எந்த லாஸ்ட், எந்த நாள் முதல் எந்த நாள் வரை என்று ஒரு பதிவேட்டில் குறித்துவிடுங்கள். நெருக்கடி வந்து ஒரு ஜோடியை லாஸ்டிலிருந்து முன்கூட்டியே இறக்கத் தோன்றினால், அதைச் செய்யாதீர்கள். ஈரத்தோடு இழுத்துக் கட்டிய தோல் லாஸ்டின்மேலேயே உலர்ந்தால்தான் அந்த வடிவத்தைப் பிடித்துக்கொள்ளும். அவசரமாக இறக்கிய ஷூ கடையில் அழகாகத் தெரிந்து, ஒரு மாதம் அணிந்த பிறகு குதிகாலில் தளரும்.

உலரும் நேரத்தைக் குறைக்க வெப்பத்தை நாடுவதும் ஆபத்தே. தாவரச் சாற்றால் பதனிட்ட தோல் ஈரமாக இருக்கும்போது ஏறத்தாழ 70 முதல் 85 டிகிரி செல்சியஸிலேயே சுருங்கிக் கெட்டியாகிவிடும். இன்சோலும் கவுண்டரும் பெரும்பாலும் அந்த வகைத் தோல்தான். உலரும் காலத்தைக் குறைக்கப் பார்க்காமல், யாரும் வேலை செய்யாத நேரத்தில் அது கழியும்படி அமைப்பதே திட்டமிடுபவரின் திறமை. இன்சோலை நனைத்து லாஸ்டில் கட்டுவதையும் சோல் தோலை ஊறவைப்பதையும் நாளின் கடைசி வேலையாக வைத்தால், இரவு நமக்காக உழைக்கும். லாஸ்டிங்கில் பெரும்பகுதியை வாரத்தின் கடைசி இரண்டு நாட்களில் வைத்தால் விடுமுறை நாளும் உலரும் நாளாகிவிடும். காற்றில் ஈரம் மிகுந்த பருவத்தில் இந்தக் காலம் நீளும் என்பதை முன்கூட்டியே தேதியில் சேர்த்துச் சொல்லுங்கள். பசைக்கும் இதே மரியாதை வேண்டும்: பசை பூசிய பரப்புகள் ஒட்டுவதற்கு முன் எவ்வளவு நேரம் காய வேண்டும் என்று தயாரிப்பாளர் குறிப்பிட்டிருக்கிறாரோ அவ்வளவு நேரம் காய்ந்தே ஆக வேண்டும், அந்த நேரத்தில் செய்வதற்கு அடுத்த ஜோடியின் சிறுவேலை ஒன்று தயாராக இருந்தால் யாருக்கும் பொறுமை போகாது.

தோல் வெட்டுவதைப் பொறுத்தவரை, ஒரே நிறத் தோலில் வரும் ஆர்டர்களைச் சேர்த்து வெட்டுவது நியாயமான சிக்கனமே. தோலின் நல்ல பகுதி, தளர்ந்த பகுதி இரண்டையும் சரியாகப் பங்கிட முடியும். ஆனால் அந்தச் சேர்க்கை 3, 4 ஜோடியைத் தாண்டினால் சிக்கனம் குவியலாகிவிடும். ஒரு ஜோடியின் இரண்டு வேம்புகளையும் (அப்பரின் முன்பக்கத் துண்டுகளையும்) ஒரே தோலில், முதுகுக்கோட்டின் இருபுறமும் நேரெதிராக உள்ள இடங்களிலிருந்து எடுக்க வேண்டும். வயிற்றுப் பகுதி இழுபடும், அதை நாக்குக்கும் மறைவான துண்டுகளுக்கும் வைத்துக்கொள்ளலாம். குட்டையான ஷூவுக்கு வீணாவதையும் சேர்த்து ஜோடிக்கு 3 சதுர அடி மேல்தோல் என்று வைத்துக் கணக்கைத் தொடங்கி, உங்கள் வடிவங்களில் உண்மையில் எவ்வளவு செலவாகிறது என்பதை அட்டையிலேயே எழுதிவந்தால், சில மாதங்களில் கொள்முதலுக்கு யூகம் தேவைப்படாது.

சோதனைப் பொருத்தம் பார்க்கும் வழக்கம் உங்களிடம் இருந்தால், தாமதத்தின் பெரும்பங்கு அங்கேயே ஒளிந்திருக்கலாம். சோதனை ஷூ தயாராகிவிட்டது, வாடிக்கையாளர் வர 3 வாரம் ஆகிறது, அதுவரை அவருடைய லாஸ்டும் தட்டும் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன, பழி மட்டும் பட்டறைக்கு. இதைத் தவிர்க்க, வேலையைத் தொடங்கும் நாளிலேயே அவர் வரவேண்டிய நாளையும் உறுதிசெய்துகொள்ளுங்கள். வர முடியாதவரின் ஆர்டர் அவர் வரக்கூடிய காலத்துக்குத் தள்ளித் தொடங்கட்டும். தேதி சொல்லும்போதும் இரண்டாகப் பிரித்துச் சொல்லுங்கள்: பொருத்தம் பார்க்கும் நாள் ஒன்று, பொருத்தம் பார்த்த நாளிலிருந்து எண்ணும் இறுதி நாள் மற்றொன்று. வாடிக்கையாளருக்காகக் காத்திருக்கும் ஜோடிகளைத் தனி அடுக்கில் வைத்துத் தனியாக எண்ணுங்கள். 24 என்ற வரம்புக்குள் அவற்றைக் கலந்தால் கணக்கு பொய்யாகிவிடும்.

ஏற்கெனவே லாஸ்டும் பேட்டர்னும் உள்ள பழைய வாடிக்கையாளரின் ஆர்டர் இதற்கு முற்றிலும் வேறுபட்டது. அதற்குப் பொருத்தம் பார்க்கத் தேவையில்லை என்பதால், அதற்கு வேறு தேதி சொல்வதே நேர்மை. சோல் மாற்றும் பழுதுவேலைகளுக்கு வாரத்தில் ஒரு அரைநாளை ஒதுக்கிவிடுங்கள். நடுநடுவே புகுந்தால் அவை சோல் கட்டுபவரின் வாரத்தையே சிதைத்துவிடும். அவசர ஆர்டர் வேண்டாம் என்று யாராலும் எப்போதும் சொல்ல முடியாது. வாரத்தின் 6 இடங்களில் 1 இடத்தை அதற்காகக் காலியாக வைத்திருங்கள், அது நிரம்பிவிட்டால் அடுத்த அவசரம் அடுத்த வாரம்தான்.

சரிபார்ப்பு என்பது கடைசி நாளில் செய்வதல்ல. திரும்பிச் செல்ல முடியாத ஒவ்வோர் இடத்துக்கும் முன்னால் அது நடக்க வேண்டும். அப்பர் லாஸ்டில் ஏறுமுன் இரண்டையும் அருகருகே வைத்துப் பின்புற உயரம், வேம்பின் நீளம், ஐலெட் வரிசை ஆகியவற்றை ஒப்பிட வேண்டும். அங்கே தெரியும் 2 மி.மீ. வேறுபாட்டைச் சிறிது நேரத்தில் சரிசெய்யலாம், சோல் தைத்த பிறகு தெரிந்தால் ஷூவையே பிரிக்க வேண்டும். லாஸ்டிங் முடிந்து சோல் வைப்பதற்கு முன்னும் அதே ஒப்பீடு வேண்டும். பார்ப்பவர் அதைச் செய்தவராக இல்லாமல் அடுத்த வேலையைச் செய்யப்போகிறவராக இருந்தால் கண் கூர்மையாக இருக்கும்.

தேதியைச் சொல்லும்போது சராசரியை நம்பாதீர்கள், ஏனென்றால் சராசரி என்பதே ஏறத்தாழப் பாதிப் பேருக்குத் தவறும் தேதி. கடைசியாக முடித்த 20 ஜோடிகள் ஒவ்வொன்றும் வெட்டிய நாளிலிருந்து எத்தனை நாள் எடுத்தது என்று எழுதி, அவற்றில் 18 ஜோடி எந்த நாளுக்குள் முடிந்ததோ அதையே சொல்லுங்கள். வெட்டுவதற்கு முன் தாளில் காத்திருக்கும் காலத்தை அதோடு கூட்டிக்கொள்ளுங்கள். இவற்றையெல்லாம் கண்முன் வைக்க இப்போதைக்கு ஒரு சுவர்ப்பலகை போதும். தயாராகும் ஆர்டர், வெட்டுதல், தையல், லாஸ்டிங், லாஸ்டில் உலர்வது, சோல், மெருகு என்று பத்திகள் போட்டு, ஒவ்வொரு பத்தியின் தலையிலும் அதிகபட்ச எண்ணிக்கையை எழுதுங்கள். பத்தி நிரம்பியிருந்தால் முந்தைய பத்திக்காரர் புதியதைத் தொடங்காமல் அங்கே கைகொடுக்கச் செல்ல வேண்டும். வாடிக்கையாளர்களின் லாஸ்ட், பேட்டர்ன், திருத்த வரலாறு ஆகியவை சில நூறாகப் பெருகும்போது மென்பொருள் உண்மையாகவே உதவும். குவியலை மட்டும் அது குறைக்காது.

42இலிருந்து 24க்கு இறங்கும் இடைக்காலம்தான் கடினமானது. 3 வாரங்களுக்குப் புதிதாக ஒரு தோலையும் வெட்டாமல், முடிவுக்கு மிக அருகில் நிற்கும் ஜோடிகளிலிருந்து தொடங்கி முடித்துக்கொண்டே வாருங்கள். வாரத்துக்கு 6 வீதம் 18 ஜோடி வெளியேறிவிடும். அதன் பிறகு ஒன்று வெளியே போனால் ஒன்று உள்ளே வரட்டும். வெட்டுபவருக்கு அந்த 3 வாரமும் வெட்டும் வேலை இருக்காது என்பதால், இன்சோல், ஹீல், மெருகு ஆகியவற்றை அவருக்கு முன்கூட்டியே கற்றுக்கொடுத்து, சம்பளம் குறையாது என்ற உறுதியையும் முதல் நாளே கொடுத்துவிடுங்கள். காத்திருக்கும் வாடிக்கையாளர்கள் அனைவரிடமும், அவர்கள் கேட்பதற்கு முன் நீங்களே பேசிப் புதிய தேதியைச் சொல்லுங்கள். ஆனால் பலகை நிறைவாக எழுதி, 20 ஜோடிகளின் நாள்கணக்கும் கையில் வந்த பிறகு பேசுங்கள், இரண்டாவது முறை தேதி மாற்றும்படி ஆகிவிடக் கூடாது.